தெரிந்தவர்கள் வலது கை

என் வகுப்பில் எந்தப் பிள்ளையும் பின்தங்கியது கிடையாது என்று மாவட்டம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். மேடை ஏறியும் சொல்லியிருக்கிறேன். அதற்காகக் கொடுத்த கேடயம் இன்னும் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறேன். தூக்கிப் போடவும் மனசு வரவில்லை, அது என் லட்சணம்.

என் பெயர் வயலட். தெற்கே கடலை ஒட்டிய உப்போடை என்கிற ஊரில் தொடக்கப் பள்ளி ஆசிரியை. எங்கள் பள்ளியில் முக்கால்வாசி உப்பளத்துப் பிள்ளைகள். மூன்று வருடத்துக்கு முன்னால் கற்றல் வாரியம் எங்கள் மூன்றாம் வகுப்புக்கு முப்பத்திரண்டு சிலேட்டுகள் கொடுத்தது; கேமராவும் திரையும் வைத்த, தானாகவே பாடம் சொல்லும் பலகைகள். வாரியம் அதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருந்தது. அது யார் வாயிலும் நுழையாததால் சிலேட்டு என்றே நிலைத்துவிட்டது.

நான் கரும்பலகை முன்னால் நின்று பின்னம் நடத்துவேன். அது முப்பத்திரண்டு பிள்ளைகளுக்கு முப்பத்திரண்டு விதமாகப் போய்ச் சேரும். கண் தெரியாத அருள்ராஜுக்கு விரலுக்கடியில் மேடும் பள்ளமுமாக. காது கேளாத சிவகாமிக்குச் சைகையாக. ஓரிடத்தில் உட்காராத ஒரு பயல் இருந்தான், அவனுக்கு எழுந்து போய் ஜன்னலை அளந்துவிட்டு வா என்று வரும். ஒருத்திக்குக் கதை, ஒருத்தனுக்குப் படம். புரியாத பிள்ளைக்குப் படி கொஞ்சம் இறங்கும், புரிந்த பிள்ளைக்கு ஏறும். இருபத்தைந்து வருடம் ஒரே பாடத்தை ஒரே குரலில் கத்தித் தொண்டை போனவளுக்கு அதைப் பார்க்கக் கண்ணீர் வந்தது. அது பொய்யில்லை.

இதில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. எந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்பது யாருக்கும் தெரியக்கூடாது. பக்கத்துப் பிள்ளைக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்தால் ஆசிரியர்கள் மக்குப் பெஞ்சு, கெட்டிக்காரப் பெஞ்சு என்று பிரித்துவிடுவார்களாம். எங்களை நன்றாகத் தெரிந்த யாரோதான் அந்த விதியை எழுதியிருக்க வேண்டும்.

சிலேட்டுகளுக்கு முதல் மூன்று வாரம் பழக்க காலம். அந்த மூன்று வாரமும் அவை வகுப்பைப் பார்க்கும். ஒரு பிள்ளை புரிந்தால் தலையாட்டும், ஒரு பிள்ளை புரிந்தால் பென்சிலைக் கடிக்கும், ஒன்று காதைச் சொறியும். எது எதற்கு அடையாளம் என்று அவை தாமாகவே கற்றுக்கொள்ளும். அந்த மூன்று வாரத்துக்குள்தான் தலைமையாசிரியர் சிவனணைந்த பெருமாள் சார் வியர்த்து விறுவிறுத்துப்போய் என் வகுப்புக்கு வந்தார்.

"டீச்சர், வெள்ளிக்கிழம வாரியத்துலருந்து மூணு பேர் வாராங்க. நம்ம பள்ளிக்கூடத்த மாதிரிப் பள்ளியா எடுக்கலாமான்னு பாக்காங்களாம். ஒரு கை கீழ இருக்கப்பிடாது."

"சரி சார்."

"பழைய வித்தைதான். உங்களுக்கா சொல்லிக்குடுக்கணும்."

எனக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆய்வுக்கு ஆள் வரும் நாளில் கேள்வி கேட்டவுடன் எல்லாப் பிள்ளைகளும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. வந்தவர்கள் கண்ணுக்கு வகுப்பு முழுக்கக் கையாகத் தெரியும். ஆசிரியர் வலது கையாகப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட, டாண் டாண் என்று பதில் வரும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே பக்கத்து வகுப்பு டீச்சரிடம் கற்றுக்கொண்டது இது. பிறகு நானும் இரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

நான்கு நாள் ஒத்திகை பார்த்தோம். பிள்ளைகள் பெருக்கல் வாய்ப்பாட்டைவிட வேகமாக இதைக் கற்றுக்கொண்டார்கள். சிலேட்டுகளும் பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றை மூடி வைக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நாற்காலியும் மேசையும் பார்த்துக்கொண்டிருந்தால் நாம் வெட்கப்படுவதில்லையே.

அந்த வகுப்பில் பொன்னிசக்கி என்று ஒரு பிள்ளை. எட்டு வயது, இடக்கைக்காரி. அவள் எழுதும் கையை நான் மாற்றவில்லை. இதையும் எத்தனையோ பயிற்சி வகுப்பில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்: இடக்கைப் பிள்ளையை அதன் போக்கில் விட வேண்டும், எல்லா வகைப் பிள்ளைக்கும் வகுப்பில் இடம் வேண்டும் என்றெல்லாம். ஒத்திகையில், "ஒம்பதேழு எவ்வளவு?" என்று கேட்டேன். பொன்னிசக்கியின் இடது கைதான் முதலில் மேலே போனது. கூடவே உதடு அறுபத்து மூன்று என்று அசைந்தது. அதை நான் பார்த்தேன்.

"உனக்குத் தெரியாதா? சரி, பரவால்ல தாயி. அப்படியே கையத் தூக்கிக்கிட்டே இரு" என்று சொல்லிவிட்டு வலது கை ஒன்றைக் கூப்பிட்டேன்.

அவசரத்தில் இருந்தேன். வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

எங்கள் பள்ளி மாதிரிப் பள்ளியானது. நான் மேடை ஏறினேன். அதே பிள்ளைகளோடு நானும் நான்காம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் போனேன். பொன்னிசக்கி நான்காம் வகுப்பிலேயே கை தூக்குவதை நிறுத்திவிட்டாள். பிள்ளைகளின் சிலேட்டை எட்டிப் பார்க்கக் கூடாது என்பது விதி, ஆனால் கண் போகும். அவளுடையதில் எப்போதும் ஐந்து மீனும் ஏழு மீனும் சேர்ந்தால் எத்தனை மீன் என்கிற மாதிரிதான் இருக்கும். நானும் அதற்கேற்ப மாறிவிட்டேன். அவளிடம் மட்டும் நிறுத்தி நிறுத்தி, சர்க்கரை தடவிய குரலில் பேசுவேன். மற்றவர்களைத் திட்டுவேன், அவளைத் திட்டியதே இல்லை. அதை அன்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் வகுப்பு முடியும் தறுவாயில் சிலேட்டே பெற்றோருக்கு ஒரு கடிதம் எழுதும், அடுத்து எந்தப் பள்ளி பொருத்தம் என்று. ஒரு திங்கட்கிழமை காலை பொன்னிசக்கியின் அம்மா முத்துக்கனி அந்தக் கடிதத்தோடு வந்து நின்றாள். உப்பளத்தில் வாரும் இயந்திரத்துக்குப் பின்னால் நடந்து, அது விட்டதை வாரிப்போடும் வேலை அவளுக்கு. முழங்கால்வரை உப்பு வெளுத்திருந்தது.

"மெல்லடிப் பள்ளின்னு போட்டிருக்கு டீச்சர். நாப்பது மைல் தள்ளி இருக்காம், அங்கனயே தங்கிப் படிக்கணுமாம். மூளை வளராத பிள்ளையளுக்கா டீச்சர் அது?"

"அப்படில்லாம் சொல்லக்கூடாதும்மா. கொஞ்சம் மெதுவாப் படிக்கிற பிள்ளைங்களுக்கு."

"இவ மெதுவா?" முத்துக்கனி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "நேத்து பாத்தித் தண்ணியில உப்பு டிகிரி பதினெட்டு. இன்னைக்குக் காலைல பத்தொம்பதர. இருவத்தஞ்சு வந்தாத்தான் உப்பு விழும். இவ டிகிரி பாக்க குச்சிய எடுத்துப் பாத்துட்டு, 'எம்மா, இதே வெயிலு அடிச்சா வெள்ளிக்கிழம உப்பு விழும், வியாழக்கிழம விழாது'ங்கா. கங்காணியே இப்பம்லாம் இவகிட்டதான் கேக்காரு. மெதுவாப் படிக்க பிள்ளை இதச் சொல்லுமா டீச்சர்?"

நான் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எனக்கு இரண்டு தடவை போட வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமைதான்.

பெற்றோர் கேட்டால் சிலேட்டின் பழைய நினைவைத் திறந்து பார்க்கலாம். கேட்ட அன்றைக்கே வாரியத்திலிருந்து ஷமீமா என்கிற பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும், அதிகம் பேசாதவள். தலைமையாசிரியர் அறையில் முத்துக்கனியின் கைரேகையை வாங்கித் திறந்தாள்.

"விசித்திரமா இருக்கு டீச்சர்" என்றாள் ஷமீமா. "இந்தப் பிள்ளை இடது கையத் தூக்குற ஒவ்வொரு தடவையும் பாடம் ஒரு படி இறங்கியிருக்கு. முதல் வருஷம் மட்டும் நானூத்திப் பதினெட்டு தடவை."

"ஏன் அப்படி?" என்று கேட்டேன்.

"பழக்க காலத்துலதான் கத்துக்கிட்டிருக்கு. அப்போ உங்க வகுப்புல இடது கை தூக்கின யாரையும் நீங்க கூப்பிடல. ஒருத்தரக்கூட. வலது கை தூக்கினவங்கதான் பதில் சொல்லியிருக்காங்க, எல்லாம் சரியான பதில். அதனால இடது கைன்னா தெரியலன்னு அர்த்தம்னு எடுத்துக்கிச்சு. அதோட கணக்குல தப்பே இல்ல. நீங்க ஏன் அப்படிக் கூப்பிட்டீங்கங்கறதுதான் எனக்குப் புரியல."

சிவனணைந்த பெருமாள் சார் மின்விசிறியைப் பார்த்தார். முத்துக்கனி என்னைப் பார்த்தாள்.

"தெரியல" என்றேன்.

இருபத்தெட்டு வருடமாகப் பிள்ளைகளிடம் பொய் சொல்லாதே என்று சொன்ன வாய் அது. நாக்கு கூசவில்லை, அதுதான் கொடுமை.

"கேமரா கோளாறா இருக்கும்" என்றார் சார் சட்டென்று.

ஷமீமா சிலேட்டை மூடினாள். முத்துக்கனியைப் பார்த்து, "பிள்ளைக்கு ஒண்ணுமில்லம்மா, நல்லாத்தான் இருக்கா. வந்த கடிதம் செல்லாது. நீங்க வேலைக்குப் போங்க" என்று அனுப்பிவிட்டு எங்களிடம் திரும்பினாள்.

"கோளாறுன்னே எழுதலாம் சார். இந்த ஒரு சிலேட்ட அழிச்சுட்டுப் புதுசாப் பழக்கலாம். ஆனா ஒரு சிலேட்டு கத்துக்கிட்டது அதோட நிக்காது. எல்லாச் சிலேட்டுக்கும் பொதுவா ஒரு நினைவு இருக்கு, அங்க போயிரும். இந்த மாவட்டத்துல இடக்கைப் பிள்ளைங்க பத்தாயிரம் பேருக்குக் குறையாது. அங்கருந்து இதப் பிடுங்கணும்னா காரணம் வேணும். வகுப்பாசிரியர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும். சும்மா பிடுங்க விடமாட்டாங்க."

நான் வகுப்புக்குத் திரும்பினேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம். பிள்ளைகள் வெளியே இருந்தார்கள். பொன்னிசக்கி மட்டும் தட்டைக் கழுவிவிட்டு வந்து தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். இடது கையைத் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். எத்தனை நாளாக அப்படி உட்காருகிறாளோ, அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டது.

"ஒம்பதேழு எவ்வளவுட்டி?"

"அறுவத்தி மூணு."

"மூணாங்கிளாஸ்லயே தெரியும்லா உனக்கு? ஏன் சொல்லல?"

அவள் யோசித்தாள். "எனக்குத் தெரியாது டீச்சர். சும்மா ஞாவகத்துல வருது."

"ஞாபகத்துல வந்தா தெரியும்னுதான அர்த்தம்?"

"நீங்கதான சொன்னிய, தெரியாதவங்க கைதான் இடது கைன்னு. எனக்கு அதுதான தானாப் போகுது." இதைச் சொல்லும்போது அவள் குரலில் குறை எதுவும் இல்லை. நான் சொன்ன ஒரு பாடத்தைத் திருப்பி ஒப்பித்தாள், அவ்வளவுதான். "அருள்ராஜுக்குக் கண்ணு தெரியாதுல்லா, அந்த மாதிரி எனக்கு."

அவள் முன்னால் என்னால் நிற்க முடியவில்லை. கரும்பலகையைத் துடைப்பது போல் திரும்பிக்கொண்டேன். அதில் எழுத்தே இல்லை.

அன்றைக்கே கடிதம் எழுதினேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். நான்கு நாள் ஆனது. முதல் தடவை எழுதியதில், "ஆய்வு நாளன்று கை உயர்த்தும் முறையொன்று பின்பற்றப்பட்டது" என்று இருந்தது. யார் பின்பற்றினார்கள் என்பது இல்லை. அரசாங்கக் காகிதத்தில் எல்லாம் தானாகவே நடக்கும், நமக்கு அந்த வசதி உண்டு. இரண்டாவதில், "தலைமையாசிரியரின் அறிவுரையின் பேரில்" என்று வந்தது. மூன்றாவதில்தான் நான் என்கிற சொல் வந்தது.

சார் கெஞ்சினார். "டீச்சர், உங்களுக்கு ஓய்வுக்கு ஆறு வருஷம் இருக்கு. எனக்கு ஒண்ணரை வருஷம். மாதிரிப் பள்ளிங்கற பேரு போயிரும். பிள்ளைக்கு வந்த கடிதம் செல்லாதுன்னு ஆயிட்டுல்லா, பெறகென்ன?"

"பத்தாயிரம் பிள்ளை சார்."

"அதுல ஒண்ணாவது உங்க பிள்ளையா? எங்க வகுப்புல யாரும் பின்தங்கலன்னு நீங்கதான மேடையில சொன்னிய, நானா சொன்னேன்?"

அது சரியான அடி. அந்த அடியில்தான் கையெழுத்துப் போட்டேன் என்று நினைக்கிறேன். நல்ல மனசு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கடிதத்தை அனுப்புவதற்கு முன்னால் முத்துக்கனியைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. வெயில் தாழ உப்பளத்துக்குப் போனேன். வெள்ளிக்கிழமை அது. பாத்தியில் உப்பு விழுந்திருந்தது. வரப்பில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: ஒத்திகை, வலது கை, இடது கை, உதடு அசைந்ததை நான் பார்த்தது, அன்றைக்கு அறையில் தெரியாது என்று பொய் சொன்னது. அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

அவள் தலைத்துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள். "நானும் அடிச்சிருக்கேன் டீச்சர். பீச்சாங்கையில சோத்த அள்ளாதட்டி, நாலு பேரு சிரிப்பாவன்னு. அதுக்கு அந்தக் கையைக் கண்டாலே பயம். நீங்க எழுதுத கையையாவது மாத்தாம விட்டியளே. அந்த மட்டுக்கும் புண்ணியம்."

எனக்கு நன்றி சொல்கிறாள். நான் நன்றி வாங்கிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அந்த வரப்பைத் தாண்டி வந்தேன்.

மூன்று வாரம் கழித்து ஷமீமா மறுபடி வந்தாள். பொது நினைவிலிருந்து அந்தப் பழக்கத்தை எடுத்தாகிவிட்டது, எல்லா இடக்கைப் பிள்ளைகளின் சிலேட்டையும் புதிதாகப் பழக்கப்போகிறார்கள் என்றாள். எங்கள் வகுப்பில் மறுநாள் தொடக்கம். எனக்கு ஒரு விளக்கக் கேட்பு ஆணையும் கொண்டுவந்திருந்தாள். கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"ஒரு விஷயம் சொல்லணும் டீச்சர். ஒரு வகுப்புல கத்துக்கிட்டத பொது நினைவு உடனே எடுத்துக்காது. மத்த பள்ளிக்கூடத்துலயும் அது பொருந்துதான்னு பாக்கும். பொருந்தலன்னா தூக்கிப் போட்டுரும். நீங்க ஒருத்தர் மட்டும் செஞ்சிருந்தா அது ஒரு மாசத்துல தானா மறந்துபோயிருக்கும்."

"பொருந்திச்சா?"

"இருநூத்தி நாப்பது பள்ளிக்கூடத்துல பாத்திருக்கு. இருநூத்திப் பதினொண்ணுல பொருந்தியிருக்கு. மீதி இருபத்தொம்பதுல ஆய்வுக்கு யாரும் போகல."

"அவங்கல்லாம் எழுதிக் குடுத்தாங்களா?"

"எல்லாருக்கும் அனுப்பிக் கேட்டோம். வந்தது உங்க கடிதம் ஒண்ணுதான்."

நான் மட்டும் இல்லை என்று தெரிந்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு நிமிடம் முழுக்க, வயிறு குளிர்ந்த மாதிரி நிம்மதி. இருநூற்றுப் பதினொரு வகுப்புகளில் தங்கள் கையைத் தாங்களே நம்பாத பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு எனக்கு நிம்மதி வந்தது. நான் செய்ததிலேயே இதைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை. இதை அந்தக் கடிதத்தில் எழுத இடமில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

மறுநாள் காலை பொன்னிசக்கியின் சிலேட்டு வெறுமையாக விழித்தது. ஒன்று கற்றது மற்றதில் ஒட்டும் என்பதால் வகுப்பின் மற்ற சிலேட்டுகளும் பழக்க காலத்துக்காகத் திரும்ப விழித்தன. மூன்று வாரம் அவை பார்க்கும். அதற்குள் அவள் தனக்குத் தெரிந்ததைக் காட்ட வேண்டும், இல்லையென்றால் பழையபடி மீன்தான்.

உப்பளத்துக் கணக்கையே கேட்டேன். பாத்தியில் இன்றைக்கு இருபது டிகிரி, நாளைக்கு இருபத்தொன்றேகால், என்றைக்கு உப்பு விழும்? கைகள் மேலே போயின, ஒன்பதோ பத்தோ. பொன்னிசக்கி கையைத் தூக்கவில்லை. ஆனால் உதடு அசைந்தது. இந்தத் தடவை நான் பார்த்தும் பார்க்காமல் போகவில்லை. அவள் பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"தெரியும்லா உனக்கு? கையத் தூக்கு தாயி. எந்தக் கைன்னாலும் சரிதான். இனிமே இந்த வகுப்புல இடது வலது கிடையாது."

அவள் என்னைப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தாள். பிறகு ரகசியம் கேட்பது போலக் கேட்டாள்.

"இன்னைக்கு யாரும் வாராவளா, டீச்சர்?"

"இல்ல. யாரும் வரல."

"அப்போ எதுக்கு டீச்சர் கையத் தூக்கணும்?"

கை தூக்கியிருந்த பிள்ளைகளும் ஒவ்வொன்றாகக் கையை இறக்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்கள். பழக்க காலத்தின் முதல் நாள் அது. முப்பத்திரண்டு சிலேட்டுகளும் நான் என்ன செய்யப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தன.